தேதி போதும்: பழைய மின்னஞ்சலும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டும்

பழைய மின்னஞ்சலை ஒழுங்குபடுத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது பொருள்வாரிப் பிரிவுதான். வங்கி, பயணம், வீட்டு வாடகை, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி என்று ஃபோல்டர்களைத் திறந்து, அனுப்பியவர் பெயரையும் தலைப்பில் உள்ள சொற்களையும் பார்த்து ஒவ்வொரு மெயிலையும் அதனதன் இடத்தில் போட்டுவிட வேண்டும். மனிதர் செய்தால் அலுப்பு, கணினி செய்தால் நிமிட வேலை. கேட்க நியாயமாக இருக்கும் இந்த எண்ணம் தவறான இடத்தில் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பழைய மெயிலைப் பொறுத்தவரை ஸ்கிரிப்ட் தேதியை மட்டும் பார்த்தால் போதும். ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் அந்த ஆண்டின் மெயில் முழுவதும், அவ்வளவுதான். இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் உண்டு. ஆனால் மின்னஞ்சலைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைப் படித்தாலும், ஆவணக் காப்பகங்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்தாலும், மின்னஞ்சலின் உள்ளமைப்பைப் பிரித்துப் பார்த்தாலும் இந்தச் சோம்பேறித்தனத்தின் பக்கமே நியாயம் கூடுகிறது.

குவியல் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். ஹாட்மெயில் 2 எம்பி, யாஹூ 4 எம்பி என்று இலவச இடத்தை அளந்து கொடுத்த காலத்தில் பழைய மெயில் ஒரு பிரச்சினையாகவே இல்லை. பெட்டி நிரம்பினால் புது மெயில் திரும்பிப் போய்விடும், அழித்தே ஆகவேண்டும். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்தபோது, தேதியைப் பார்த்துப் பலர் அதை ஏப்ரல் முட்டாள் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். எதையும் அழிக்க வேண்டாம், தேடிக்கொள்ளுங்கள் என்பது அதன் அழைப்பு. அன்றிலிருந்து சேர்வது மட்டுமே நடக்கிறது. அலுவலகங்களிலும் இதே நிலைதான். 1996இல் லோட்டஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் விட்டேக்கரும் கேண்டஸ் சிட்னரும் செய்த ஆய்வைப் பத்தாண்டு கழித்து மைக்ரோசாஃப்டில் மறுபடி செய்துபார்த்தவர்கள், இன்பாக்ஸ் ஏறத்தாழ பழைய அளவிலேயே இருக்க, சேமித்துவைத்த மெயில் மட்டும் பத்து மடங்கு அளவுக்குப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். பெருத்தது அன்றாடக் கையிருப்பு அல்ல, முடிந்துபோனவற்றின் இருப்பு.

அந்த 1996 ஆய்வு மின்னஞ்சல் பயனாளர்களை மூன்று வகையாகப் பிரித்தது: எதையும் பிரிக்காதவர்கள், அன்றன்றே பிரித்துவைப்பவர்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகக் கூட்டித் தள்ளுபவர்கள். ஃபோல்டர் வைத்திருந்தவர்களிடமும் ஒன்றிரண்டு மெயிலோடு நின்றுபோன ஃபோல்டர்கள் நிறைய இருந்தன. பெயரைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று வைத்தவருக்கே ஞாபகம் வராதவையும் இருந்தன. இதே விட்டேக்கர் 2011இல் ஐபிஎம் ஆய்வாளர்களோடு சேர்ந்து கேள்வியை நேரடியாகவே கேட்டார்: மெயிலைப் பிரித்துவைப்பதில் என் நேரம் வீணாகிறதா? 345 பேர், பழைய மெயிலைத் தேடியெடுத்த 85,000க்கும் மேற்பட்ட செயல்கள் பதிவாயின. சிக்கலான ஃபோல்டர் அமைப்பை வைத்திருந்தவர்கள் அதன் வழியாகவே தேடினார்கள், உண்மைதான். ஆனால் அவர்களுக்கு அதனால் மெயில் கூடுதலாக அகப்படவில்லை, நேரமும் மிச்சமாகவில்லை. சொல்லைத் தட்டித் தேடியவர்களும், ஒரே உரையாடலின் மெயில்களைச் சேர்த்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்தியவர்களும் முந்திக்கொண்டார்கள். மனிதர் தன் கையால், தன் அறிவோடு பிரித்துவைத்த ஃபோல்டர்களின் கதியே இது. அந்த வேலையை அரைகுறை அறிவுள்ள ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைத்தால் பலன் கூடும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

ஸ்கிரிப்ட்டின் அறிவு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கும் அளவீடு இருக்கிறது. திவாலான என்ரான் நிறுவனத்தின் மின்னஞ்சல்களை அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் பொதுவெளியில் வைத்தது. உண்மையான மனிதர்களின் உண்மையான பெட்டிகள் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது அபூர்வம். இன்றும் மின்னஞ்சல் ஆராய்ச்சி இதைச் சுற்றியே நடக்கிறது. 2004இல் ரான் பெக்கர்மன், ஆண்ட்ரூ மெக்கலம் குழுவினர் இதில் ஏழு பேரின் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் தாமே பிரித்துவைத்த ஃபோல்டர்களைக் கணினி ஊகிக்க முடிகிறதா என்று சோதித்தார்கள். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த முறைகள்கூடச் சிலருடைய பெட்டியில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டன. தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டிய பெட்டியும் ஒன்று உண்டு. அதில் பெரும்பகுதி மெயில் இரண்டே ஃபோல்டர்களில் கிடந்தது என்பதைப் பார்த்தால் அந்த வெற்றியின் மதிப்பு விளங்கும். என்ரான் குவியல் இன்னொன்றையும் காட்டுகிறது. முதலில் வெளிவந்தபோது அதில் 158 பேருடைய சுமார் 6,19,000 மெயில்கள் இருந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதைச் சுத்தம் செய்தவர்கள், மென்பொருள் தானாக உண்டாக்கிய 'எல்லா ஆவணங்களும்', 'உரையாடல்கள்' போன்ற ஃபோல்டர்களை நீக்கியபோது மிஞ்சியது சுமார் 2,00,000 மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கை விலக்க வேண்டியிருந்தது. உதவி செய்கிறேன் என்று இயந்திரம் போட்ட பிரிவுகளே அதில் முக்கியக் குற்றவாளி.

இங்கே புதிய மெயிலையும் பழைய மெயிலையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். 1999இல் ஐபிஎம் உருவாக்கிய மெயில்கேட் என்ற மென்பொருள், வந்த மெயிலுக்குப் பொருத்தமான மூன்று ஃபோல்டர்களைப் பொத்தான்களாகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எதில் போடுவது என்பதை மனிதர் முடிவு செய்வார். ஊகம் தவறினால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். பத்தாண்டுக்கு முந்தைய மெயிலை ஸ்கிரிப்ட் இரவோடிரவாகத் தவறான ஃபோல்டரில் போட்டால் அதைப் பார்க்க யாரும் இல்லை. என்றோ ஒரு நாள் தேவைப்படும்போதுதான் காணவில்லை என்பது தெரியவரும். நம் வருவாய்த் துறை அலுவலகங்களின் பதிவறை இதைப் பழங்காலத்திலேயே புரிந்துகொண்டிருந்தது. ஒரு கோப்பு ஓராண்டுக்கா, மூன்றாண்டுக்கா, பத்தாண்டுக்கா, நிரந்தரத்துக்கா என்பதை அதை முடிக்கும் பிரிவே, முடிக்கும் நாளிலேயே குறித்து அனுப்பும். விஷயம் தெரிந்தவர், சூடு ஆறுமுன் எடுக்கும் முடிவு அது. பதிவறை எழுத்தர் கட்டைப் பிரித்துப் படித்து வகை பிரிப்பதில்லை; எண்ணையும் ஆண்டையும் பார்த்து அடுக்குகிறார். பழைய மெயிலின் முன்னால் நிற்கும் ஸ்கிரிப்ட் பதிவறை எழுத்தரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் வந்துசேர்ந்த இடமும் இதற்குப் பக்கத்தில்தான். அரசு ஊழியர் ஒவ்வொருவரும் தன் மெயிலில் எது ஆவணம், எது வெறும் அரட்டை என்று பிரித்துவைக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் ஏட்டில் இருந்தது. நடைமுறையில் யாரும் செய்யவில்லை. 2013இல் அந்தக் காப்பகம் 'கேப்ஸ்டோன்' என்ற முறையை அறிவித்தது. மெயிலின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, கணக்கு யாருடையது என்பதை மட்டும் பார்ப்பது. உயர் பொறுப்பில் இருப்பவரின் கணக்கு முழுவதும் நிரந்தரம், மற்றவர்களுடையது சில ஆண்டுகளுக்கு மட்டும். நுட்பம் குறைந்த முறைதான். உயரதிகாரியின் மதிய உணவு அழைப்பும் நிரந்தர ஆவணமாகிவிடும். ஆனாலும் நடக்கிற முறை என்பதால் அதைத் தேர்ந்தார்கள்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டு ஒருவர் கேட்கலாம்: தேடல்தான் எல்லாவற்றையும் தருகிறதே, ஆண்டு ஃபோல்டர் மட்டும் எதற்கு, குவியலை அப்படியே விட்டால் என்ன? வலுவான ஆட்சேபம் இது. 2011 ஆய்வை மேற்கோள் காட்டுகிற எவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கண்டெடுப்பதற்காக என்றால் ஆண்டு ஃபோல்டரும் தேவையில்லைதான். ஆனால் மின்னஞ்சலுக்குத் தேடலைத் தவிர இன்னொரு தேவை இருக்கிறது, காப்பது. நகலெடுப்பது, வேறு சேவைக்கு மாற்றுவது, ஒரு பகுதியைக் குடும்பத்தாரிடமோ கணக்காளரிடமோ ஒப்படைப்பது, கைப்பேசியில் இறங்காமல் வைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை வேண்டும். ஆண்டு அந்த எல்லையைத் தருகிறது; பொருள்வாரி ஃபோல்டரால் தர முடியாது. 'வங்கி' என்ற ஃபோல்டர் கணக்கு இருக்கும்வரை வளர்ந்துகொண்டே போகும். எடுத்த நகல் மறுநாளே பழையதாகிவிடும். '2019' என்ற ஃபோல்டர் ஒருமுறை நிரம்பிவிட்டால் பிறகு அதில் ஒரு மெயில்கூடச் சேராது. ஒருமுறை நகலெடுத்தால் போதும், சரிபார்ப்பதும் ஒருமுறை போதும். மூடக்கூடிய பிரிவு என்பதுதான் தேதிவாரி அடுக்கின் முழு லாபம். எளிமை அதோடு சேர்ந்து கிடைக்கிற உபரி.

எந்தத் தேதி என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு மெயிலுக்கு இரண்டு தேதிகள் உண்டு. அனுப்பியவரின் கணினி தலைப்புப் பகுதியில் எழுதிவைத்த தேதி ஒன்று. சர்வர் அதைப் பெற்றபோது தன் கணக்கில் குறித்துக்கொண்ட தேதி இன்னொன்று. முதலாவது பொய் சொல்லக்கூடும். கடிகாரம் சரியில்லாத கணினியிலிருந்து வந்த மெயில் 1970 ஜனவரியில் போய் உட்காரும். இரண்டாவது நம்பகமானது என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியை மாற்றும்போது, மாற்றுகிற மென்பொருள் கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் பழைய மெயில் அத்தனைக்கும் மாற்றிய நாளே சர்வர் தேதியாகிவிடும். ஐமேப் நெறிமுறையில் இரண்டையும் தனித்தனியே தேடலாம்: 'பிஃபோர்' என்று கேட்டால் சர்வர் தேதி, 'சென்ட்பிஃபோர்' என்று கேட்டால் தலைப்புத் தேதி. தலைப்புத் தேதியை முதன்மையாகக் கொண்டு, அது சர்வர் தேதிக்குப் பிந்தியதாகவோ மின்னஞ்சல் கணக்கே தொடங்காத காலத்தைக் காட்டுவதாகவோ இருந்தால் மட்டும் சர்வர் தேதியைப் பார்ப்பது ஒத்துவரும் வழி. இரண்டும் உதவாவிட்டால் அந்த மெயிலைத் தொடாமல் இன்பாக்ஸிலேயே விட்டுவிட வேண்டும்.

மீதி வேலை சில பத்து வரிகளுக்குள் அடங்கும். பைத்தான் மொழியோடு வருகிற ஐமேப்லிப் தொகுதியே போதும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. சர்வரில் நுழைவது, தேதிக்கு முந்தையவற்றைக் கேட்பது, ஆண்டு ஃபோல்டர் இல்லையென்றால் உண்டாக்குவது, நகர்த்துவது, என்ன செய்தோம் என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பது. நகர்த்தும் கட்டளை ஐமேப்பில் 2013இல்தான் அதிகாரப்பூர்வமாக வந்தது. அது இல்லாத சர்வரில் நகலெடுத்து, மூலத்துக்கு அழிப்புக் குறி வைத்து, பிறகு குறி வைத்தவற்றை நீக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் கட்டளை நம் ஸ்கிரிப்ட் குறித்தவற்றோடு நிற்காது. அந்த ஃபோல்டரில் வேறு யாரோ, எப்போதோ குறி வைத்துவிட்டுப்போனவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதனால் வேறு குறிகள் இல்லை என்பதையும் நகல் போய்ச் சேர்ந்ததையும் எண்ணிப் பார்த்த பிறகே நீக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் எதையும் நகர்த்தாமல், நகர்த்தப்போகும் பட்டியலை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஜிமெயிலில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாகச் செய்பவர்கள் வேறொரு குழியைத் தாண்ட வேண்டும். அங்கே ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது, லேபிள்தான். அதிலும் ஸ்கிரிப்ட் கையாள்வது பெரும்பாலும் தனி மெயிலை அல்ல, உரையாடல் முழுவதையும். 'ஓராண்டுக்கு மேற்பட்டவை' என்று தேடினால், ஒரே ஒரு மெயில் பழையதாக இருக்கும் உரையாடலும் வந்து நிற்கும். 2019இல் தொடங்கி நேற்று வரை பதில் வந்துகொண்டிருக்கும் உரையாடலை அப்படியே ஒதுக்கிவிட்டால் நேற்றைய மெயிலும் இன்பாக்ஸிலிருந்து மறைந்துவிடும். ஒவ்வோர் உரையாடலிலும் கடைசி மெயிலின் தேதியைச் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒரு ஓட்டத்துக்கு ஆறு நிமிடம் என்ற வரம்பு இருப்பதால், முதல்முறை பல தவணைகளில் ஓடவேண்டியிருக்கும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரவும், இரண்டு முறை ஓடினாலும் அதே விளைவைத் தரவும் ஸ்கிரிப்ட்டை எழுதவைக்கிற கட்டாயம் நல்லதே.

உரையாடல் என்றதும் அடுத்த ஆட்சேபம் வரும்: டிசம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்த விவகாரத்தை ஆண்டுக்கோடு இரண்டாக வெட்டாதா? வெட்டும். ஆனால் பதில் மெயில் ஒவ்வொன்றின் தலைப்புப் பகுதியிலும் அது எதற்குப் பதில் என்ற அடையாள எண் இருக்கிறது. எந்த ஃபோல்டரில் கிடந்தாலும் அந்தச் சங்கிலி அறுவதில்லை. உரையாடலைச் சேர்த்துக் காட்டுவது படிக்கும் மென்பொருளின் வேலை. அடுக்கும் இடம் அதற்காக வளைந்துகொடுக்கத் தேவையில்லை. உரையாடலைப் பிரிக்கவே மனமில்லாதவர்கள் கடைசி மெயிலின் ஆண்டில் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறாண்டு கழித்து ஒருவர் பழைய மெயிலுக்குப் பதில் போட்டால், மூடிய ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கவேண்டிவரும். நான் வெட்டும் பக்கம்தான்.

இன்றைய பெரிய மொழி மாதிரிகள் என்ரான் காலத்து முறைகளைவிடப் பல மடங்கு தேர்ந்தவை, அவற்றிடம் கொடுத்தால் பொருள்வாரியாகவே அழகாகப் பிரித்துத் தருமே என்பது இப்போது அதிகம் கேட்கும் வாதம். திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. திறமை கூடினாலும் தீராத சிக்கல் வேறு. வீட்டுக்கடன் தொடர்பாக அலுவலகத் தோழர் அனுப்பிய மெயில் 'வீடு', 'வங்கி', 'அலுவலகம்' மூன்றில் எதிலும் பொருந்தும். எதில் போட்டிருக்கிறது என்பதை உரியவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாதிரியின் பதிப்பு மாறினால் அதே மெயில் வேறிடத்துக்குப் போகவும் கூடும். 2019 மே மாதத்து மெயில் எங்கே இருக்கும் என்பதை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதோடு, இருபதாண்டு அந்தரங்கத்தை வெளி சர்வர் ஒன்றில் வரிவரியாகப் படிக்கக் கொடுப்பதா என்பதும் இருக்கிறது. அந்த மாதிரிகளைக் கேள்வி கேட்டுத் தேடியெடுக்கப் பயன்படுத்துங்கள், இருப்பிடத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

அழிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொத்தமாக அனுப்பப்படும் மெயில்களின் தலைப்புப் பகுதியில் சந்தாவை விலக்கும் முகவரி ஒன்று இருக்கும். 1998இலேயே இதற்கான தரநிலை வந்துவிட்டது. பெருமளவில் மெயில் அனுப்பும் வணிக நிறுவனங்கள் விளம்பர மெயிலில் அதைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024இல் விதித்தன. அந்தக் குறியைப் பார்த்து விளம்பரங்களைத் துடைத்துவிடலாம் என்ற யோசனை கவர்ச்சியானது. ஆனால் பயணச்சீட்டும் கட்டண ரசீதும் அதே குறியோடு வருவதுண்டு. அவற்றை 'மொத்த மெயில்' என்று ஆண்டுக்குள் ஓர் உள்ஃபோல்டரில் தள்ளுவதோடு ஸ்கிரிப்ட்டின் அதிகாரம் முடியட்டும். இடம் அவ்வளவு நெருக்கடி என்றால் பெரிய இணைப்புகள் உள்ள மெயில்களைப் பட்டியலிட்டுக் கையால் அழிப்பதே வேகமான வழி. சொற்ப மெயில்கள்தான் பெரும்பாலான இடத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

தமிழில் எழுதியவர்களுக்குத் தேதியை நம்ப இன்னொரு காரணம் உண்டு. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ் மெயில்கள் யூனிகோடில் எழுதப்படவில்லை. டிஸ்கி ஒரு பக்கம், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்கள் மறுபக்கம், அவற்றோடு எழுத்துருவுக்கு ஒன்றாகத் தனியார் குறியாக்கங்கள். தலைப்புப் பகுதியில் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்றே எழுதியிருக்கும். இன்றைய கணினியில் திறந்தால் உச்சரிக்க முடியாத லத்தீன் எழுத்துகளின் வரிசை. 'வாழ்த்து' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. சொல்லை வைத்து வகை பிரிக்கும் எந்த ஸ்கிரிப்ட்டும் இவற்றைக் குப்பை என்றே முடிவுகட்டும். தேதி மட்டும் எந்தக் குறியாக்கத்திலும் கெடாமல் நிற்கிறது. ஆண்டைத் தெரிந்துகொண்டால் எந்தக் குறியாக்கமாக இருக்கலாம் என்ற ஊகமும் சுலபமாகி, மாற்றிப் படிக்க வழி பிறக்கும். ஃபோல்டரின் பெயர் நான்கு இலக்கங்களாக இருப்பதிலும் ஒரு சௌகரியம் உண்டு. பழைய ஐமேப் நெறிமுறை தமிழ்ப் பெயர்களைத் திரித்த ஒரு வடிவத்தில் சேமிக்கிறது. அதை மறந்த ஸ்கிரிப்ட்டுகள் அந்த இடத்தில் விழுந்துவிடும். இலக்கங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

மூடிய ஆண்டை என்ன செய்வது? 2023 டிசம்பரிலிருந்து, இரண்டாண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையைக் கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. ஆகவே நகல் ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும். எந்த வடிவில் என்பதில் கவனம் தேவை. ஓர் ஆண்டின் மெயிலை ஒரே கோப்பாகத் தரும் எம்பாக்ஸ் வடிவம் பிரபலமானது, ஆனால் மெயிலின் உள்ளே ஒரு வரி 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கினால் அதன் முன் ஒரு குறியைச் செருகி உள்ளடக்கத்தையே மாற்றிவிடும் வழக்கம் அதற்கு உண்டு. மின்னணுப் பதிவை உருவான வடிவிலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ, அனுப்பிய இடம், சேர்ந்த இடம், தேதி, நேரம் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் அதன் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. மெயிலுக்கு ஒரு கோப்பாக, தலைப்புப் பகுதி சிதையாமல் இறக்கி, ஆண்டுக்கு ஒரு ஹேஷ் பட்டியல் எடுத்துவைத்தால் இரண்டுக்கும் பொருந்தும். மாறிக்கொண்டே இருக்கும் ஃபோல்டருக்கு அப்படிப்பட்ட பட்டியல் எடுப்பதில் அர்த்தமே இல்லை.

ஆண்டே அளவு என்றான பிறகு இந்த ஸ்கிரிப்ட்டை இரவுதோறும் ஓடவிட வேண்டிய தேவையும் போய்விடுகிறது. நடப்பு ஆண்டையும் அதற்கு முந்தைய ஆண்டையும் இன்பாக்ஸில் விட்டுவிட்டு, ஜனவரியில் ஒரு நாள் கையால் இயக்கினால் போதும். தானியக்கம் என்றால் மனிதர் இல்லாமலே நடக்க வேண்டாமா என்று கேட்கலாம். மனிதர் இல்லாமல் நடக்க வேண்டுமென்றால் கடவுச்சொல்லோ அதற்கு ஈடான அனுமதியோ கணினியில் நிரந்தரமாக எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். அதைப் படிக்க முடிந்த எவருக்கும் பெட்டி முழுவதும் திறந்துவிடும். ஆண்டுக்கொருமுறை இயக்குபவர் ஐமேப் வழியாகப் போனால், இருபடிச் சரிபார்ப்புள்ள கணக்கில் அன்றைக்கு ஒரு செயலிக் கடவுச்சொல்லை உண்டாக்கி, வேலை முடிந்ததும் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலேயே அதை ரத்து செய்துவிடலாம்.